பசியும் பிணியும் பகையும்



நாட்டின் இலக்கணம் கூற வந்த வள்ளுவர், ஒரு நாட்டில் இருத்தலாகாதவை என மூன்றைச் சுட்டினார். முதலில் பசியை வைத்தார். அடுத்துப் பிணியை வைத்தார். பகையை மூன்றாவதாகவே வைத்தார். அடுத்து வரும் அரண் அதிகாரத்திலும், மதிலின் உயரத்தையும் திண்மையையும் கூறியதோடு அமையாமல், உள்ளே உணவு நிறைந்திருத்தலையும் அரணின் இலக்கணமாக்கினார். அவ்வரிசை ஓசை நோக்கி அமைந்ததோ, கருதியே அமைந்ததோ, அது உரையாசிரியர் ஆய்வுக்குரியது. போர்களின் வரலாறோ அவ்வரிசையையே மெய்ப்பிக்கின்றது.

போர் என்றதும் வாளும் வேலும் பீரங்கியுமே மனக்கண்ணில் எழுகின்றன. ஆயினும் கிரிமியப் போரில் (1853–1856) மாண்ட பிரித்தானிய வீரர் ஏறத்தாழ 21,000 பேருள், நால்வரில் மூவர் பகைவர் குண்டுக்கு இரையானவர் அல்லர். காலராவுக்கும் வயிற்றுக்கடுப்புக்கும் காய்ச்சலுக்கும் இரையானவர். ஸ்கூட்டாரி மருத்துவமனையில் 1855 பிப்ரவரியில் நூற்றுக்கு நாற்பதைத் தாண்டியிருந்த இறப்பு, சுகாதாரக் குழுவினர் வந்து சாக்கடையைத் துப்புரவாக்கிக் காற்றோட்டம் அமைத்தபின், சில திங்களில் நூற்றுக்கு இரண்டாக இறங்கியது. பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் இவ்வுண்மையை வரைபடமாக்கி ஆட்சியாளர்முன் வைத்தார். அவர் காட்டியது ஒன்றே: அவை விதியால் வந்த சாவுகள் அல்ல, தடுத்திருக்கக் கூடிய சாவுகள்.

அறுபது ஆண்டுகள் கழிந்தன. அந்தப் பாடம் மறக்கப்பட்ட இடம் மெசபொத்தேமியா. மறதிக்கு விலை கொடுத்தவருள் பெரும்பாலோர் இந்திய வீரர்.

1915ஆம் ஆண்டில் ஜெனரல் டவுன்ஷெண்டு தலைமையில் பூனா படைப்பிரிவு டைகிரிஸ் ஆற்றின் வழியே பாக்தாத்தை நோக்கிச் சென்றது. சாலையில்லாத அந்நாட்டில் ஆறே வழி, படகே வண்டி. படை முன்னேற முன்னேற, அதற்கு உணவும் மருந்தும் சுமக்கும் படகுகள் போதாமற் போயின. நவம்பரில் டெசிபோனில் துருக்கியரோடு பொருது பேரிழப்புற்ற படை, பின்வாங்கி டிசம்பர் 3ஆம் நாள் கூத் அல் அமாரா என்னும் சிற்றூரை அடைந்தது. 7ஆம் நாள் முற்றுகை தொடங்கிற்று.

அங்கு முதலில் பிழைத்தது உணவுக் கணக்கு. கையிருப்பு நெடுநாள் தாங்காது என்னும் செய்தி வெளியே சென்றது. அதனை நம்பி, மீட்புப் படை முழுதும் திரளுமுன்னரே ஜனவரியில் சேற்றிலும் மழையிலும் அவசரமாகப் போரிட்டு வீரரை வாரி இழந்தது. அதன் பின்னரே ஊருக்குள் வீடுவீடாகத் தானியம் தேடப்பட்டது. மறைந்திருந்த தானியம் கண்டெடுக்கப்பட்டு, மேலும் 84 நாள் தாங்கலாம் என்று ஜனவரி இறுதியில் அறிவிக்கப்பட்டது. பத்தாயத்தை அளந்து பாராத ஒரு கணக்கு, மதிலுக்கு வெளியே இருந்தோரையும் கொன்றது.

உள்ளே ஒரே முற்றுகையில் இருவகைப் பசி நிலவியது. பிரித்தானிய வீரர் வெள்ளை மாவு ரொட்டியும் குதிரை இறைச்சியும் உண்டனர். அவர்களைப் பெரிபெரி பற்றியது. இந்திய வீரர் தவிடு நீக்காத ஆட்டா மாவு உண்டனர்; பெரிபெரி அவர்களை அணுகவில்லை. ஆனால் காயும் பழமும் இறைச்சியும் இன்மையால் ஸ்கர்வி அவர்களைப் பற்றியது. ஈறு வீங்கிக் குருதி கசிந்தது, உடல் சோர்ந்தது. வெள்ளை மாவு தீர்ந்து, ஆட்டாவும் வாற்கோதுமையும் வெள்ளையர் தட்டுக்கு வந்தபின் பெரிபெரி தணிந்தது. உணவு தாழ்ந்ததென்று அவர்கள் எண்ணிய வேளையில் நோய் நீங்கியது! எலுமிச்சையின் பயனை ஜேம்ஸ் லிண்டு 1747லேயே சோதித்துக் கண்டிருந்தார். தவிட்டின் பயனை ஐக்மான் சாவகத்தில் 1890களில் கண்டிருந்தார். அறிவு இருந்தது, அதனை ஏற்றிச் செல்லப் படகு இல்லை.

குதிரை இறைச்சியை இந்திய வீரர் நெடுநாள் மறுத்தனர். இதனை வெறும் பிடிவாதம் என்று எழுதியோர் உளர். அவ்வீரனுக்குப் போர் முடிந்தபின் ஊர் ஒன்று இருந்தது. விலக்கப்பட்டதை உண்டான் என்ற சொல் ஊருக்கு எட்டினால், மகளைக் கொள்வார் இரார் என்று அவன் அஞ்சினான். உயிரினும் குடியின் மானத்தைப் பெரிதெனக் கொண்டவனை எள்ளுதல் தகாது. இந்தியாவிலிருந்து சமயத் தலைவர்களின் இசைவு வருவிக்கப்பட்டது. ஏப்ரலில் ஆயிரக்கணக்கானோர் உண்ணத் தொடங்கினர். அதற்குள் உடல் உளுத்துவிட்டது.

அந்த ஏப்ரலில் வானூர்திகள் மாவு மூட்டைகளை வீசின. சில ஆற்றில் விழுந்தன. சில துருக்கியரிடம் விழுந்தன. 24ஆம் நாள் இரவு ஜுல்னார் என்னும் நீராவிக் கப்பல் 270 டன் உணவோடு புறப்பட்டு, ஆற்றின் குறுக்கே கட்டிய கம்பியில் சிக்கி அகப்பட்டது. மீட்பு முயற்சிகளில் ஏறத்தாழ 23,000 பேர் மாண்டும் புண்பட்டும் இழக்கப்பட்ட பின்னர், 1916 ஏப்ரல் 29ஆம் நாள் கூத் சரணடைந்தது. ஊரை வென்றது பீரங்கியன்று; வெற்றுப் பத்தாயம்.

ஒன்றை மறைத்தல் ஆகாது. முற்றுகை நாள்களில், உள்ளே படைக்கலத்தால் மாண்டோர் சுமார் ஆயிரவர். நோயால் மாண்டோர் எழுநூற்றவர். ஆதலின் அங்கும் குண்டே மிகுதியாகக் கொன்றது எனலாம். ஆனால் பசி தன் கணக்கைப் பின்னரே தீர்த்தது. சிறைப்பட்ட சுமார் 13,000 பேர், ஐந்து திங்கள் பட்டினியால் நைந்த உடலோடு பாலை வழியே நடத்தப்பட்டனர். வெயிலும் அடியும் வயிற்றுக்கடுப்பும் சூழ, 4,000க்கும் மேற்பட்டோர் சிறைக்காலத்தில் மாண்டனர்.

1917இல் விசாரணைக் குழுவின் அறிக்கை வெளிவந்தது. போதிய போக்குவரத்தும் மருத்துவ ஏற்பாடும் இன்றிப் படையை அனுப்பிய குற்றத்தை அது வெளிப்படுத்தியது. இந்தியாவுக்குப் பொறுப்பான அமைச்சர் ஆஸ்டின் சேம்பர்லேன் பதவி விலகினார். 1929இல் பாஸ்ராவில் நினைவுச்சின்னம் எழுந்தது. மெசபொத்தேமியாவில் மாண்டு கல்லறையறியாத 40,000க்கும் மேற்பட்டோர்க்கு உரியது அது. பிரித்தானிய வீரர் ஒவ்வொருவர் பெயரும் அதன் கல்லில் பொறிக்கப்பெற்றது. இந்தியருள் அதிகாரிகள் பெயர் பெற்றனர். ஏனையோர் படைப்பிரிவுக்கு இத்தனை பேர் என எண்ணாக நின்றனர்.

ஆட்டா உண்டு ஈறு கசிந்தவனும், மகளை எண்ணி உண்ண மறுத்தவனும், பாலையில் விழுந்தவனும் அந்த எண்ணுக்குள் இருக்கின்றனர். புறத்திணை பாடிய புலவர் மார்பில் விழுப்புண் ஏற்றவனுக்கு நடுகல் கண்டனர். புண்ணின்றிப் பசியால் வீழ்ந்தவனுக்கும் ஒரு கல் உரியது. அதில் ஒரு பெயரும் உரியது. பகைவனைக் கருதுமுன் தன் வீரனின் பசியையும் பிணியையும் கருதாத அரசு, போர் தொடங்கும் முன்பே தன் வீரரைக் கொல்லத் தொடங்கிவிடுகின்றது. வள்ளுவர் பகையை மூன்றாவதாக வைத்தார். அவ்வரிசையை மாற்றிப் படித்தோர் கூத் நகரில் தோற்றனர்.