பல் கூசுகிறதா?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் பல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"அடுத்துப் பல் டாக்டர் பேசுவார்" என்று அறிவித்ததுமே முன்வரிசையில் சிலர் வாயை இறுக மூடிக்கொண்டதைப் பார்த்தேன். பயப்படாதீர்கள். என் கையில் இருப்பது வெறும் மைக்தான்.

பல் கூச்சம் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன். இது பெரிய நோய் இல்லை. ஆனால் இதைச் சரியாகப் புரிந்துகொள்ளாததால் நல்ல பல்லைப் பிடுங்கச் சொல்கிறவர்களையும் பார்க்கிறேன், கெட்டுப்போன பல்லைக் கூச்சம் என்று நினைத்து வருஷக்கணக்கில் விட்டுவிடுகிறவர்களையும் பார்க்கிறேன். இரண்டு வழியிலும் நஷ்டம் பல்லுக்குத்தான்.

முதலில் பல் ஏன் கூசுகிறது என்று பார்ப்போம். வெளியே தெரிகிற வெள்ளைப் பகுதி எனாமல். நம் உடம்பில் எலும்பைவிடக் கடினமான பொருள் அதுதான். அதற்கு நரம்பு கிடையாது; வெட்டினாலும் வலிக்காது. அதற்கு அடியில் டென்டின் என்று ஒரு அடுக்கு இருக்கிறது. பூச்சு உதிர்ந்த செங்கல் சுவர் எப்படித் தண்ணீரை உறிஞ்சுமோ, அந்த மாதிரி இது நுண்துளைகள் நிறைந்தது. ஒரு சதுர மில்லிமீட்டரில் பல்லாயிரம் குழாய்கள்! கண்ணுக்குத் தெரியாத இந்தக் குழாய்களுக்குள் ஒரு திரவம் இருக்கிறது. உள்முனையில் நரம்பு இருக்கிறது.

எனாமல் தேய்ந்தோ, ஈறு கீழிறங்கி வேர்ப்பகுதி தெரிந்தோ டென்டின் வெளிப்பட்டால், குழாய்களின் வாய் திறந்துகொள்கிறது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் உள்ளே இருக்கும் திரவம் சட்டென்று நகர்கிறது. அந்த நகர்வு நரம்பைச் சுண்டுகிறது. "சுரீர்" என்கிறது. வாயால் காற்றை இழுத்தாலும், இனிப்புப் பட்டாலும் இதே கதைதான். இனிப்பு அந்தத் திரவத்தை வெளியே இழுக்கிறது. 1960களில் சுவீடன் நாட்டு ஆய்வாளர் பிரான்ஸ்ட்ரோம் பல சோதனைகள் செய்து இந்தக் கருத்தை நிலைநிறுத்தினார். இன்றைக்கும் பெரும்பாலோர் ஏற்றுக்கொண்ட விளக்கம் இதுதான். இயற்பியல் துறை நண்பர்கள் கவனிக்கவும், பல் வலியிலும் உங்கள் பாடம் இருக்கிறது!

சரி, டென்டின் எப்படி வெளிப்படுகிறது? இங்கேதான் நான் கொஞ்சம் கடுமையாகப் பேச வேண்டியிருக்கிறது. நம்மில் பலர் பல்லைத் தேய்ப்பதில்லை, பாத்திரம் துலக்குகிறோம். செங்கல் பொடி, அடுப்புக்கரி, சாம்பல் என்று ஒரு தலைமுறை தேய்த்தது. அதற்குப் பிறகு வந்தவர்கள் முடி விறைத்த பிரஷ்ஷால் இடமும் வலமுமாக அறுத்தார்கள். வேப்பங்குச்சி நல்லதுதான், நுனியை நன்றாக மென்று மிருதுவாக்கினால். மெல்லாமல் முரட்டுக் குச்சியால் ரம்பம் மாதிரி இழுத்தால் பல்லின் கழுத்துப் பகுதி குழியாகிவிடும். அந்த இடத்தில் எனாமல் மிக மெல்லியது. வலது கைக்காரர்களுக்கு இந்தத் தேய்மானம் இடது பக்கத்தில்தான் அதிகம் இருக்கும். வீட்டுக்குப் போய்க் கண்ணாடியில் இடப்பக்கக் கோரைப்பல்லையும் அடுத்த பல்லையும் ஈறு ஓரத்தில் பாருங்கள்.

என்னிடம் வந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் உட்கார்ந்ததும் சொன்னது இதுதான்: "டாக்டர், இந்த ரெண்டு பல்லையும் எடுத்துடுங்க. மோர்கூட குடிக்க முடியல, உசிர் போகுது." பார்த்தேன். சொத்தை இல்லை, ஆட்டம் இல்லை. ஈறு ஓரத்தில் மட்டும் நகம் மாட்டும் அளவுக்குக் குழி. "டீச்சர், பல்லு எப்படித் தேய்ப்பீங்க?" என்றேன். "நல்லா அழுத்தி, பத்து நிமிஷம். நாப்பது வருஷமா ஒரு நாள் தவறினதில்ல" என்றார், பெருமையாக! பல்லை எடுக்கவில்லை. குழிகளைப் பல் நிற சிமெண்டால் அடைத்தேன். மெல்லிய முடி பிரஷ்ஷும், இரண்டே நிமிஷமும் போதும் என்றேன். இரண்டாவதை அவர் நம்பவே இல்லை. ஆனால் அடுத்த முறை வந்தபோது மோர் குடிப்பதாகச் சொன்னார்.

அடுத்த எதிரி அமிலம். எலுமிச்சை, கோலா பானங்கள், வினிகர், வாயில் வைத்துச் சப்பும் புளிப்பு மிட்டாய் எல்லாம் எனாமலைக் கரைக்கக் கூடியவை. அமில அளவு சுமார் 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். எலுமிச்சைச் சாறு, கோலா எல்லாம் 2, 3 என்ற அளவில் இருப்பவை. தினமும் சாயங்காலம் கேண்டீனில் ஒரு பாட்டிலை வாயில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பேசுகிற மாணவத் தம்பிகளே, நான் உங்களைத்தான் சொல்கிறேன். குடித்தே ஆக வேண்டுமானால் சட்டென்று குடித்துவிட்டு வாயைத் தண்ணீரால் கொப்பளியுங்கள். உடனே பிரஷ்ஷைத் தூக்காதீர்கள். இளகியிருக்கும் எனாமல் தேய்ந்து போகும். அரை மணி நேரமாவது போகட்டும். பல் வெளுக்க எலுமிச்சைத் தோலைத் தேய்க்கும் வழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள்.

நெஞ்செரிச்சல், அடிக்கடி வாந்தி உள்ளவர்களுக்கு மேல் முன்பற்களின் உட்பக்கம் கரைந்திருக்கும். அதைப் பல் டாக்டர் மட்டும் பார்த்தால் போதாது, வயிற்றையும் பார்க்க வேண்டும். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்கள், பாக்கு மெல்பவர்கள் இவர்களுக்கும் மேல்பரப்பு தேயும். பல் சுத்தம் செய்த பிறகு சில நாள் கூசினால் அது வேறு. காரை மூடியிருந்த இடம் திறந்ததால் வருவது; பெரும்பாலும் தானே அடங்கும். "க்ளீன் பண்ணினதால பல்லு கெட்டுப்போச்சு" என்று எங்களைத் திட்டாதீர்கள்!

இனி முக்கியமான விஷயம். எல்லாச் 'சுரீரும்' கூச்சம் இல்லை. குளிர் பட்டதும் வந்து, சில நொடிகளில் போய்விட்டால் கூச்சம். தண்ணீரை விழுங்கிய பிறகும் நிமிஷக்கணக்கில் வலி நின்றால், சூடு பட்டு வலித்தால், ராத்திரி தூக்கத்தைக் கெடுத்தால், கடிக்கும்போது ஒரே ஒரு பல் வலித்தால், அது சொத்தையோ விரிசலோ நரம்புவரை போன பாதிப்போ ஆக இருக்கலாம். கூச்சத்துக்கான பேஸ்ட்டைப் போட்டு அதை மூடி மறைப்பது, வீட்டில் புகை வரும்போது ஜன்னலைச் சாத்துவது மாதிரி. ஆரம்பத்தில் ஒரு சின்ன அடைப்பில் முடிந்திருக்க வேண்டியது, வேர் சிகிச்சையில் போய் நிற்கும். சிலருக்குப் பல்லே போய்விடும்.

கிராம்புத் தைலம் சற்று மரக்கச் செய்யும், குணமாக்காது. அப்படியே ஊற்றினால் ஈறு வெந்துவிடும். புகையிலை கலந்த பற்பொடியைத் தேய்த்தால் கூச்சம் போகும் என்று சில வீடுகளில் பழக்கம் உண்டு. பற்பசையிலும் பற்பொடியிலும் புகையிலை சேர்ப்பதை மத்திய அரசு 1992லேயே தடை செய்துவிட்டது. அது ஈறையும் கெடுக்கும், வாய்ப் புற்றுக்கும் வழி வைக்கும். வீட்டில் பெரியவர்கள் யாராவது இன்னும் வைத்திருந்தால் தயவுசெய்து எடுத்துப் போடுங்கள்.

சிகிச்சை எளிது. பரிசோதனை செய்து சொத்தை இல்லை என்று தெரிந்தால், கூச்சத்துக்கான பேஸ்ட் ஒன்று போதும். பலவற்றில் 5 சதவீதம் பொட்டாசியம் நைட்ரேட் இருக்கும். அது நரம்பை அமைதிப்படுத்துகிறது. வேறு சில குழாய்களின் வாயை அடைக்கின்றன. தினம் இரண்டு வேளை, இரண்டிலிருந்து நான்கு வாரம் விடாமல் தேய்த்தால்தான் பலன் தெரியும். நாலு நாள் போட்டுவிட்டு "இது சரியில்ல" என்று அடுத்த பேஸ்ட்டுக்குப் போகிறவர்கள்தான் அதிகம். தேய்த்தபின் நுரையைத் துப்பினால் போதும், குடம் குடமாகக் கொப்பளித்து மருந்தைக் கழுவி விடாதீர்கள்.

அதிலும் கேட்காவிட்டால் நாங்கள் ஃபுளோரைடு வார்னிஷ் பூசுவோம், குழி இருந்தால் அடைப்போம், ஈறு ரொம்ப இறங்கியிருந்தால் ஈறு ஒட்டுச் சிகிச்சை செய்வோம். நரம்பை எடுக்கும் வேர் சிகிச்சை கடைசி வழி. அரசு பல் மருத்துவக் கல்லூரிகளிலும் அரசு மருத்துவமனைகளின் பல் பிரிவிலும் இதில் பலவற்றைக் குறைந்த செலவில் செய்துகொள்ளலாம். காசு இல்லை என்று தள்ளிப்போட வேண்டியதில்லை.

மதிய விருந்தில் ஐஸ்கிரீம் உண்டு என்று செயலாளர் காதில் சொன்னார். யாருக்காவது ஒரு பக்கமாகவே சாப்பிட வேண்டியிருந்தால், சாப்பிட்டு முடித்ததும் என்னிடம் வாருங்கள். எந்தப் பல் என்று விரலால் காட்டினால் போதும், இங்கேயே பார்த்துச் சொல்கிறேன்.