பீடிக்கு அபராதம்! பஞ்சுத் தூசிக்கு?
(செங்கத்தில் பேசியதன் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் பீடியைப் பற்றியது. பீடி குடிக்கலாமா, கூடாதா என்பது மாத்திரமல்ல. பீடி குடிக்கிற தொழிலாளியின் கூலியில் முதலாளி கை வைக்கலாமா என்பதும் ஆகும். செங்கத்தில் இருக்கிற நமக்கு இதைப் பற்றி என்ன கவலை என்று சிலர் நினைக்கக்கூடும். மழை பொய்த்தால் இங்கே கிணறும் வற்றுகிறது, செய்யாறும் வற்றுகிறது. ஜவ்வாது மலையிலிருந்தும் அடிவாரத்திலிருந்தும் ஆணும் பெண்ணும் மூட்டை கட்டிக்கொண்டு பெங்களூருக்கும் திருப்பூருக்கும் கோயமுத்தூருக்கும் பிழைக்கப் போகிறார்கள். ஆகையால் மில் முதலாளி கூலியை எப்படிப் பிடிக்கிறார் என்பது நம் வீட்டு விஷயமேயாகும்.

முதலில் ஒன்றை ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறோம். புகையிலை கெடுதி. சிகரெட்டைவிடப் பீடி யோக்கியமானது என்பது வெறும் பேச்சு; இலையில் சுருட்டிவிட்டதால் விஷம் மூலிகையாகிவிடாது. நுரையீரல் புற்றும், மாரடைப்பும், மூச்சிழைப்பும் அதனால் வருகின்றன. காசநோயும் புகைப்பவனைச் சீக்கிரத்தில் பிடிக்கிறது. காசைக் கொடுத்து நோயை வாங்குவதைப் பகுத்தறிவு என்று நாம் ஒருநாளும் சொல்லமாட்டோம்.

நிற்க, நம்முடைய கேள்வி வேறு. அமெரிக்காவிலே பெரும்பாலோருக்கு வைத்தியச் செலவுக்கான இன்சூரன்ஸ் வேலை கொடுக்கும் முதலாளி மூலமாகவே கிடைக்கிறது. அங்கு மிச்சிகன் மாகாணத்தில் வெய்கோ என்ற கம்பெனி 2005-ம் வருஷத்தில், தன் சிப்பந்திகள் வேலை நேரத்தில் மாத்திரமல்ல, வீட்டிலுங்கூடப் புகைக்கக்கூடாதென்று விதி செய்து பரிசோதனை வைத்தது. அதற்கு உடன்படாத நால்வர் வேலையை இழந்தார்கள். 2010-ம் வருஷத்தில் அந்நாட்டில் வந்த வைத்திய இன்சூரன்ஸ் சட்டமோ, புகையிலை உபயோகிப்பவரிடம் 100-க்கு 50 வரை அதிகப் பிரீமியம் வாங்க இடங்கொடுத்தது. இதற்கு எதிராகவும் சட்டங்கள் உண்டு. வேலை நேரத்துக்கு வெளியே புகைத்ததற்காக ஒருவனை வேலையைவிட்டு நீக்கக்கூடாது என்று அந்நாட்டு மாகாணங்களில் பாதிக்கு மேற்பட்டவை சட்டம் செய்திருக்கின்றன.

இது புதிய யோசனையுமல்ல. 1914-ல் ஃபோர்டு மோட்டார் கம்பெனி தினம் 5 டாலர் சம்பளம் என்று விளம்பரப்படுத்திவிட்டு, தொழிலாளி குடிக்கிறானா, சூதாடுகிறானா, வீட்டைச் சுத்தமாக வைத்திருக்கிறானா என்று பார்த்துவர அவன் வீட்டுக்கே ஆள் அனுப்பியது. அந்தப் பரீட்சையில் தேறினவனுக்குத்தான் முழுச் சம்பளம். கூலி கொடுப்பவன் உழைப்பை வாங்குகிறானா, ஆளையே வாங்குகிறானா என்று யோசித்துப் பாருங்கள்.

முதலாளிகள் சொல்லும் நியாயம் என்னவென்றால், “புகைப்பவனுக்கு நோய் அதிகம், அவன் செலவைப் புகைக்காதவன் ஏன் சுமக்க வேண்டும்?” என்பதாகும். கேட்பதற்கு இது நியாயம்போல் இருக்கிறது. ஆனால் இன்சூரன்ஸ் என்பதன் அர்த்தம் என்ன? இன்று எனக்கு, நாளை உனக்கு என்று பலர் சேர்ந்து ஒருவர் கஷ்டத்தைத் தாங்குவதுதானே! இன்று புகைப்பவனைப் பிரித்தால், நாளை சர்க்கரை வியாதிக்காரனையும், அடுத்த நாள் பிள்ளை பெறுகிறவளையும், அதற்கடுத்த நாள் கிழவனையும் பிரிக்கலாம். கடைசியில் நோயே வராதவனுக்குத்தான் இன்சூரன்ஸ் என்றாகிவிடும்.

இனி மில்லுக்குள் போய்ப் பார்ப்போம். புளோரூமிலும் கார்டிங்கிலும் வேலை செய்கிறவர்களுக்குப் பஞ்சுத் தூசியால் பிசினோசிஸ் என்னும் மூச்சு நோய் வருகிறது. இதற்கு ஓர் அடையாளம் உண்டு. வார ஓய்வு முடிந்து வேலைக்குத் திரும்புகிற முதல் நாளில் மார்பு இறுகும், மூச்சு திணறும். இதைப் பார்த்து ஒரு முதலாளி, “உன் இருமலுக்குப் பீடிதான் காரணம்” என்று சொல்வாரேயானால் நாம் அவரைக் கேட்கிறோம்: பீடிக்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு உண்டா? வீட்டிலிருக்கும் நாளில் ஒன்றுக்கு இரண்டாகவல்லவா குடிக்கிறான்! அன்றைக்கு இளகிய மார்பு, மில்லுக்குள் காலெடுத்து வைத்த அன்று இறுகுகிறதென்றால், அது பீடியின் வேலையா, பஞ்சின் வேலையா?

பஞ்சுத் தூசியில் இருப்பவன் பீடியும் குடித்தால் நோய் இன்னும் முற்றும் என்பது உண்மை. ஆனால் இரண்டு குற்றவாளிகள் இருக்கும்போது கூலிக்காரனுக்கு மட்டும் தண்டனை என்பது எந்த ஊர் நியாயம்? ஏழைக்கு நோய் வந்தால் “முன்ஜென்மக் கர்மம்” என்று சொல்லி வைதீகர்கள் வாயடைத்தார்கள். இப்போது கர்மத்தின் இடத்தில் பீடி வந்திருக்கிறது. அன்று பரிகாரத்துக்குத் தட்சிணை. இன்று பழக்கத்துக்கு அபராதம். இரண்டிலும் நோயாளியே குற்றவாளி. தூசியும், இராத்திரி ஷிப்டும், காற்றில்லாத கொட்டகையும் தப்பித்துக்கொள்கின்றன.

நம் நாட்டு ஏற்பாட்டைப் பாருங்கள். 1948-ல் சட்டமாகி 1952-ல் நடைமுறைக்கு வந்த ஈ.எஸ்.ஐ. திட்டத்தில், மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்கள் சேர்க்கப்படுகிறார்கள். சம்பளத்தில் 100-க்கு 0.75 தொழிலாளியும், 3.25 முதலாளியும் கட்டுகிறார்கள். 12,000 ரூபாய் சம்பளக்காரன் 90 ரூபாய் கட்டினால் முதலாளி 390 ரூபாய் கட்டவேண்டும். பீடி குடிக்கிறவனும் அதே 90. குடிக்காதவனும் அதே 90. பிசினோசிஸும் அத்திட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது. இந்த நல்ல ஏற்பாட்டை நாம் விட்டுக்கொடுக்கக் கூடாது.

அபராதத்துக்கும் எல்லை உண்டு. 1936-ம் வருஷத்துச் சம்பளப் பட்டுவாடாச் சட்டமும், அதன் இடத்தில் வந்திருக்கிற ஊதியச் சட்டத் தொகுப்பும், முதலாளி இஷ்டப்படி அபராதம் போட இடங்கொடுக்கவில்லை. இன்ன குற்றத்துக்கு அபராதம் என்பதற்குச் சர்க்கார் அனுமதி வேண்டும். அதை எழுதி ஒட்டவேண்டும். தொழிலாளியின் சமாதானத்தைக் கேட்கவேண்டும். ஒரு சம்பளக் காலத்தில் 100-க்கு 3-க்கு மேல் போகக்கூடாது. வசூலான பணமும் தொழிலாளர் நன்மைக்கே செலவாக வேண்டும்.

“அப்படியானால் மில்லுக்குள் புகைக்கலாமா?” என்று கேட்பீர்கள். கூடாது. 2008 அக்டோபர் 2 முதல் வேலை செய்யும் இடங்களிலும் புகைப்பது தடை செய்யப்பட்டிருக்கிறது. பக்கத்திலிருப்பவன் உன் புகையை இழுக்க வேண்டிய அவசியமில்லை. பஞ்சுக் கிடங்கில் ஒரு பொறி பல உயிரைக் குடிக்கும். அந்தத் தடை பிறரைக் காப்பது. அதற்குக் கட்டுப்படுவதுதான் சுயமரியாதை. ஆனால் வேலை முடிந்து வீட்டுத் திண்ணையில் இருப்பவனை வேவு பார்ப்பது முதலாளியின் அதிகாரத்தில் சேர்ந்ததல்ல.

ஆகவே தோழர்களே! பீடிக்காகக் கூலியில் பிடிப்போம் என்று யாராவது சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். எந்தச் சட்டப்படி, எழுத்தில் காட்டு. பிடித்த பணம் எங்கே போகிறது? மில்லின் தூசியை எப்போது அளந்தாய், எவ்வளவு இருந்தது? மூன்றுக்கும் பதில் இல்லையென்றால், அவருடைய அக்கறை உங்கள் நுரையீரலில் இல்லை, உங்கள் மடியிலே என்று தெரிந்துகொள்ளுங்கள்.

அதோடு பீடியையும் விடுங்கள். முதலாளி மிரட்டியதற்காக அல்ல. சாமிக்கு நேர்ந்துகொண்டதற்காகவும் அல்ல. அறிவு சொல்வதற்காக விடுங்கள். விடமுடியாமல் தவிப்பவர்களுக்கு 1800-11-2356 என்ற எண்ணில் சர்க்கார் இலவசமாக யோசனை சொல்லுகிறது. பீடியை விட்டவன் “பீடிதான் காரணம்” என்ற சாக்கை முதலாளியிடமிருந்து பிடுங்கிவிடுகிறான். பிறகு மிச்சமிருப்பது தூசிதான். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை என்று கூறி, இவ்வளவோடு முடித்துக்கொள்ளுகிறோம்.