தப்பொலியும் தாக்குவேகமும்

கண்டி வாவிக்கரையில் வைகறையில் உலாவச் செல்வோரின் செவியில் தலதா மாளிகையின் முழவொலி விழாமல் இராது. நாள்தோறும் அங்கே மூன்று வேளை பூசை நிகழ்கிறது. அப்போதெல்லாம் ஹேவிசி என்னும் வாத்தியக் குழுவும் முழங்குகிறது. அக்குழுவிலுள்ள தவுல நம் தவிலுக்கு உறவு; ஒருபுறம் கோலாலும் மறுபுறம் கையாலும் அடிக்கப்படுவது. தம்மட்டம என்பது இரட்டை முழவு. நுனி வளையமாக வளைந்த இரு கோல்களால் முழக்கப்படுவது. ஹொரணேவ என்னும் ஊதுகருவியை நாகசுரத்தின் தம்பி என்று சொல்லிவிடலாம். சற்றே நின்று செவிகொடுப்போர்க்கு ஓர் உண்மை விளங்கும். ஓர் அடியைப் போல் மற்றோர் அடி இல்லை. ஒன்று ஓங்கி விழுகிறது. ஒன்று தோலைத் தடவிச் செல்கிறது. ஒன்று கேட்டதோ இல்லையோ என ஐயுறுமாறு மறைகிறது.

இந்த ஏற்றத்தாழ்வைப் பற்றியே இன்று பேச விழைகிறேன். ஆயினும் மாளிகை முற்றத்தில் நின்று அன்று. கணினித் திரையின் முன் அமர்ந்து.

இக்காலத்துப் பாடல்களிற் பெரும்பாலானவை கணினியின் துணைகொண்டே உருவாகின்றன என்பதை நேயர்கள் அறிவீர்கள். அதற்கு அடிப்படையாய் நிற்பது மிடி என்னும் முறை. 1983ஆம் ஆண்டு சனவரியில் அமெரிக்காவில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சியொன்றில், இரு வேறு நிறுவனங்கள் செய்த இரண்டு மின்னிசைக் கருவிகளை ஒரு கம்பியால் இணைத்துக் காட்டினார்கள். ஒன்றை வாசிக்க மற்றொன்றும் ஒலித்தது. அமெரிக்கராகிய டேவ் ஸ்மித்தும் சப்பானியராகிய இக்குத்தாரோ காக்கேஹாஷியும் இம்முயற்சிக்கு முன்னின்றவர்கள். அக்கம்பி வழியே சென்றது ஒலி அன்று, கட்டளை. எந்தச் சுரக்கட்டை அழுத்தப்பட்டது, எத்துணை வேகமாக அழுத்தப்பட்டது, எப்போது விடப்பட்டது என்னும் செய்திகளே எண்களாகச் சென்றன.

அவற்றுள் இரண்டாவதை ஆங்கிலத்தில் வெலாசிட்டி என்பர். நாம் தாக்குவேகம் என்று வழங்குவோம். கட்டையின் கீழே இரண்டு மின்தொடுகைகள் உள்ளன. முதலாவதைத் தொட்டு இரண்டாவதைத் தொடுவதற்குள் கழியும் நொடிக்கூற்றைக் கருவி அளக்கிறது. விரைந்து தொட்டால் பெரிய எண். மெல்லத் தொட்டால் சிறிய எண். எண்கள் 1 முதல் 127 வரை. சுழியம் வந்தால் சுரம் முடிந்தது என்று பொருள். 2020ஆம் ஆண்டு வெளிவந்த இரண்டாம் மிடி முறையில் இந்த அளவு 65,536 படிகளாக விரிந்திருக்கிறது. நூற்றிருபத்தேழையே நாம் இன்னும் செவ்வையாய் ஆளக் கற்கவில்லை என்பது என் எண்ணம்.

எனக்கு இதில் ஈடுபாடு வந்த கதையைச் சொல்கிறேன். கட்டுகஸ்தோட்டையில் வாழும் என் மருமகன் மேடை நாடகமொன்றுக்கு இசையமைத்துக்கொண்டிருந்தான். தேயிலைத் தோட்ட வாழ்வைக் காட்டும் நாடகம் அது. தொடக்கக் காட்சியில் பிரட்டுத் தப்பு ஒலிக்க வேண்டும். விடியுமுன் லயத்து மக்களை எழுப்பிப் பிரட்டுக் களத்துக்கு அழைத்த முழக்கம் அது. மலையகத்தார்க்கு அது இசை மட்டும் அன்று. எழுந்து வா என்னும் ஆணை. வராவிட்டால் அன்றைய பேர் இல்லை, கூலியும் இல்லை என்னும் எச்சரிக்கை. அதைக் கேட்டு வளர்ந்தவர்கள் அருகி வருகிறார்கள்.

மருமகன் தப்பின் ஒலிப்பதிவுகளைக் கணினியில் ஏற்றி, சுட்டியால் ஒவ்வோர் அடியாகத் திரையிற் பதித்தான். பிறகு ஹந்தானைப் பக்கத்துத் தோட்டமொன்றில் முன்னர்த் தப்படித்த முதியவர் ஒருவரை அழைத்துவந்து கேட்கச் செய்தான். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "தப்பு கேக்குது தம்பி. அடிக்கிற ஆளைத்தான் காணோம்" என்றார்.

திரையைப் பார்த்தோம். சுரங்களின் கீழே ஒவ்வோர் அடிக்கும் ஒரு செங்குத்துக் கோடு நின்றது. அதன் உயரமே தாக்குவேகம். எல்லாக் கோடுகளும் ஒரே உயரம், எல்லாம் 100. சுட்டியாற் பதிக்கும்போது மென்பொருள் தானாக வைத்துக்கொண்ட எண் அது. வேலி அடித்தாற்போல் நின்ற அந்த வரிசையில் ஆணையும் இல்லை, ஆளும் இல்லை.

மருமகன் முதலில் ஒலியளவைக் கூட்டினான். அதனால் பயனில்லை. இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டை நேயர்கள் கருத வேண்டும். நீங்கள் வீட்டிலிருந்து வானொலியின் ஒலியைக் கூட்டினால் முழக்கம் பெரிதாகக் கேட்கும். ஆயினும் முழவுகாரர் ஓங்கி அடித்தவர் ஆகமாட்டார். தாக்குவேகம் அவர் கையைச் சேர்ந்தது. நன்கு செய்யப்பட்ட ஒலித்தொகுப்புகளில் மெல்லிய அடி, நடுத்தர அடி, ஓங்கிய அடி எனத் தனித்தனியே பதிந்து அடுக்கியிருப்பார்கள். எண் உயர்ந்தால் வேறு பதிவே ஒலிக்கும். ஒலியின் அளவோடு அதன் நிறமும் மாறும்.

அடுத்து அவன் வேறொரு வழி கண்டான். எண்களைத் தாறுமாறாகச் சிறிது கலைத்துவிடும் ஏற்பாடு ஒன்று இம்மென்பொருள்களில் உண்டு. மனிதத்தன்மை ஊட்டுதல் என்று அதற்குப் பெருமையான பெயர். ஒரே சொடுக்கில் கோடுகள் ஏறியும் இறங்கியும் நின்றன. முதியவர் மறுபடி கேட்டார். "இப்ப ஆள் வந்துட்டான். ஆனா தாளம் தெரியாதவன்" என்றார். அந்தச் சொல்லில் இக்கலையின் முழு இலக்கணமும் அடங்கிக் கிடந்தது என்றே நினைக்கிறேன். மனிதன் அடிக்கும் அடிகள் சமமாக இல்லாதது உண்மை. ஆனால் அச்சமமின்மை தற்செயலாய் வந்ததன்று. எந்த அடி தலைமை, எது துணை என்பதை முழவுகாரர் அறிந்தே அடிக்கிறார்.

கண்டியின் கெட்ட பெரயவைப் பயில்வோர் தத், ஜித், தொன், நம் என்னும் நான்கு மூலச் சொற்களை வாயாற் சொல்லிப் பழகுகிறார்கள். நம் மிருதங்கப் பாடத்திலும் சொற்கட்டுத்தானே முதற்படி? ஆகவே எண்களைத் தொடுவதை விட்டு, முதியவரைப் பிரட்டுத் தப்பை வாயாற் சொல்லுமாறு வேண்டினோம். அவர் மேசையில் விரலாலும் தட்டிக் காட்டினார். வலக்கையின் பருங்குச்சி விழும் இடங்களில் குரல் கனத்தது. இடக்கையின் மெல்லிய குச்சிக்குக் குரல் மூக்கிற்குள் ஒடுங்கியது. "மொத அடி எழுப்புற அடி. மத்ததெல்லாம் அதுக்குப் பின்னால நடந்து வாற அடி" என்றார்.

அதன்படி முதல் அடியை 118 ஆக உயர்த்தினோம். பருங்குச்சியின் ஏனைய அடிகள் 85க்கும் 95க்கும் இடையில் நின்றன. மெல்லிய குச்சியின் அடிகளை நாற்பதுக்கு இறக்கினோம். சிலவற்றை முப்பதுக்கும் கீழே. இவ்வளவு சிறிய எண்ணை வைக்க இளைஞர்களுக்குக் கை கூசுகிறது. கேளாமற் போகுமே என்று அஞ்சுகிறார்கள். கேளாததுபோல் இருக்கும் அந்த அடியை எடுத்துவிட்டுப் பாருங்கள், முழக்கம் நொண்டும். முழக்கம் ஏறிவரும் இடத்தில் மருமகன் அடிவரைகோல் வைத்தாற்போல் சாய்வுக்கோடு ஒன்று இழுத்தான். அதையும் அழித்தோம். கை ஏறும்போது இரண்டடி ஏறி ஓரடி இறங்கித்தான் ஏறுகிறது, மலைப்பாதையில் கொழுந்துக்கூடை சுமந்து செல்பவரைப்போல.

எல்லாக் கருவிக்கும் இம்முறை பொருந்தாது. தாக்குவேகம் சுரம் பிறக்கும் கணத்தில் முடிந்துபோகும் செய்தி. முழவுக்கும் பியானோவுக்கும் அது போதும். ஹொரணேவவோ நாகசுரமோ சுரம் பிறந்த பின்னும் மூச்சால் வளர்வது, தேய்வது. அதற்குத் தொடர்ந்து செல்லும் வேறு கட்டளைகள் மிடியில் உள்ளன. ஊதுகருவியின் உயிரைத் தாக்குவேகத்தில் தேடுவோர் ஏமாறுவர். முழவிலுங்கூட, தோலின் நடுவிலா விளிம்பிலா அடி விழுந்தது என்பதை இந்த எண் சொல்லாது. தப்பைத் தீயிற் காய்ச்சி முறுக்கேற்றியது எவ்வளவு நேரத்துக்கு முன் என்பதையும் சொல்லாது. முதியவர் அதைத்தான் முதலிற் கேட்டார்: "இது காய்ச்சின தப்பா, காய்ச்சாததா?" எங்களிடம் விடையில்லை.

மூன்று இரவுகள் சென்றன. மூன்றாம் இரவு முழக்கம் முழுவதையும் போட்டுக் காட்டினோம். முதியவர் புகழவும் இல்லை, குறை கூறவும் இல்லை. எழுந்து திரையருகே வந்து எட்டாவது கோட்டை விரலாற் தொட்டு, "இதை இன்னும் கொஞ்சம் தணி தம்பி" என்றார். 52 ஆக இருந்தது 46 ஆயிற்று. மறுபடி கேட்டுவிட்டு, வெளியே போய் வெற்றிலை போட்டுக்கொண்டார்.