பதினெட்டு நாளில் முடிந்த பருவம்
(சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலி, குடியிருப்பு, ரேஷன் அட்டை, பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பாடம் என்று பேசிப் பழகிய மேடை இது. இந்த மேடையில் இன்று பெண்கள் கால்பந்தைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் சிலருடைய முகத்தில் புன்னகை தெரிகிறது. பந்துக்கும் நம் வயிற்றுப்பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்கிறீர்கள். சம்பந்தம் உண்டு. அதைச் சொல்லத்தான் எழுந்து நிற்கிறோம்.

2019-ஆம் ஆண்டு மே மாதம். பஞ்சாபின் லூதியானா நகரம். நம் திருப்பூரைப் போல அதுவும் பின்னலாடைத் தொழிலுக்குப் பேர்போன ஊர். உத்தரப் பிரதேசத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் பிழைக்க வந்த தொழிலாளர்கள் நிறைந்த ஊர். அங்கேதான் இந்தியப் பெண்கள் லீக்கின் மூன்றாவது பருவம் நடந்தது. பன்னிரண்டு அணிகள். மே 22-ஆம் நாள் இறுதி ஆட்டம். ஒரு பக்கம் மணிப்பூர் போலீஸ் அணி. மறுபக்கம் மதுரையிலிருந்து போன சேது அணி. மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் சேது வென்றது. தமிழ்நாட்டு அணி ஒன்று அந்தக் கோப்பையை எடுத்தது அதுவே முதல் தடவை.

தோழர்களே, அந்த அணியில் ஆடியவர்கள் யார்? கடலூர் மாவட்டத்துப் பெண் இந்துமதி கதிரேசன் ஆடினார். நேபாளத்திலிருந்து வந்த சபித்ரா பண்டாரி ஆடினார். தமிழ்ப் பெண்களும் பிற மாநிலத்துப் பெண்களும் அயல்நாட்டுப் பெண்ணும் தோளோடு தோள் நின்று மதுரைக்குப் பேர் வாங்கிக் கொடுத்தார்கள். "நீ இந்த மண்ணில் பிறந்தவளா?" என்று பந்து கேட்கவில்லை.

1960-களின் இறுதியில் இந்த மும்பையில் தென்னிந்தியனை வெளியேறச் சொல்லி எழுந்த முழக்கம் நம் பெரியவர்களின் காதில் இன்னும் இருக்கிறது. அப்போது நாம் என்ன சொன்னோம்? "உழைக்கிறவனுக்கு உழைக்கிற இடம் சொந்தம்" என்றோம். ஊர் விட்டு ஊர் வந்தவர் உழைப்பால் ஓர் ஊரின் பெயர் உயரும் என்பதற்கு அந்தக் கோப்பை ஒரு சாட்சி. நேபாளத்துப் பெண்ணின் காலால் மதுரை மகிழ்ந்தது என்றால், நம் கையால் இந்த நகரம் வளர்ந்ததையும் மறுக்க முடியாது. நமக்கு நாம் கேட்கும் அதே நியாயத்தை, வடக்கே இருந்து தமிழ்நாட்டுக்குப் பிழைக்கப் போகிற தொழிலாளிக்கும் நாம் கொடுத்தாக வேண்டும்.

சரி, வெற்றி கிடைத்தது. பிறகு?

இங்கேதான் கணக்குப் பார்க்க வேண்டும். மே 5-ஆம் நாள் தொடங்கிய பருவம் 22-ஆம் நாள் முடிந்தது. மொத்தம் பதினெட்டு நாள்! ஓர் ஆண்டில் மிச்சம் முந்நூற்று நாற்பத்தேழு நாள். அந்த நாள்களில் ஒரு பெண் எதைச் சாப்பிடுவாள்? யார் செலவில் பயிற்சி செய்வாள்?

மில்களில் 'பத்லி'யாக வேலை பார்த்த பெரியவர்கள் இங்கே இருக்கிறீர்கள். காலையில் மில் வாசலில் போய் நிற்பீர்கள். எவராவது விடுப்பு எடுத்திருந்தால் உள்ளே அழைப்பார்கள்; இல்லாவிட்டால் வெறுங்கையோடு திரும்புவீர்கள். தறி ஓட்டத் தெரிந்தும் தறி நிச்சயம் இல்லை. அந்த வீராங்கனைகளின் நிலையும் அதுதான். திறமை இருந்தது, நிரந்தரம் இல்லை. அதனால்தான் பலர் காவல்துறையிலும் இரயில்வேயிலும் வேலை தேடிக்கொண்டார்கள். இந்துமதி தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். 2020-இல் கொரோனா ஊரடங்கின்போது சென்னைத் தெருக்களில் அவர் கடமையில் நின்றார். மணிப்பூரின் பாலா தேவியும் காவல்துறை ஊழியர்தான். அதே 2020-இல் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் அணி அவரை ஒப்பந்தம் செய்து அழைத்துக்கொண்டது. அயல்நாடு மதித்த காலுக்கு, சொந்த நாடு ஆண்டுக்குப் பதினெட்டு நாள் ஆட்டம் கொடுத்தது.

இது தற்செயலா? இல்லை. ஆண்களுக்குத் தேசிய லீக் 1996-லேயே தொடங்கிவிட்டது. பெண்களுக்கு 2016-17 பருவத்தில்தான் தொடங்கினார்கள். இருபது ஆண்டு இடைவெளி! கொரோனா வந்தது. 2020-21-இல் ஆண்களின் போட்டிகளைக் கோவாவிலும் வங்கத்திலும் வீரர்களைத் தனிமைப்படுத்திப் பாதுகாப்போடு நடத்தினார்கள். பெண்கள் லீக் அந்தப் பருவம் நடக்கவே இல்லை. இடர் வந்தால் முதலில் வெட்டப்படுவது யாருடைய பங்கு என்று தொழிலாளிக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் கேளுங்கள். 2022 ஆகஸ்டில் இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தை உலகச் சம்மேளனம் இடைநீக்கம் செய்தது. காரணம் நிர்வாகக் குளறுபடி. அந்த நேரம் பெண்கள் லீக்கின் சாம்பியனான கோகுலம் கேரளா அணி, ஆசிய கிளப் போட்டியில் ஆடத் தாஷ்கண்டில் போய் இறங்கியிருந்தது. ஆட முடியாமல் திரும்பினார்கள். பத்தே நாளில் இடைநீக்கம் விலகியது. ஆனால் அவர்களுடைய போட்டி போனது போனதுதான். குற்றம் நாற்காலியில், தண்டனை மைதானத்தில்!

ஆனாலும் தோழர்களே, நிலைமை அப்படியே நின்றுவிடவில்லை. ஒரே ஊரில் கூட்டி ஓட்டி முடிக்கும் வழக்கம் மாறியது. 2023-24 பருவத்தில் முதல் தடவையாக ஒவ்வோர் அணியும் தன் ஊரிலும் எதிரணியின் ஊரிலும் ஆடியது. ஏழு அணிகள், அணிக்குப் பன்னிரண்டு ஆட்டம். டிசம்பரில் தொடங்கி மார்ச்சில் முடிந்தது. ஒடிசா அணி வென்றது. அடுத்த பருவம் எட்டு அணிகள். 2025 ஏப்ரலில் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் வென்றது. பதினெட்டு நாள் என்பது மாதக்கணக்கானது.

கூலியிலும் ஓர் அசைவு வந்தது. முதல் பிரிவு அணிகள் குறைந்தது பத்து இந்திய வீராங்கனைகளை ஒப்பந்தத்தில் எடுக்க வேண்டும், ஒருவருக்கு ஆண்டுக்குக் குறைந்தது 3 இலட்சத்து 20 ஆயிரம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2023-இல் சம்மேளனம் அறிவித்தது. மாதத்துக்கு ஏறத்தாழ இருபத்தேழாயிரம். பெரிய தொகை இல்லை. ஆனால் 'குறைந்தபட்சக் கூலி' என்ற சொல் அந்த மைதானத்துக்குள் நுழைந்துவிட்டது. அந்தச் சொல்லின் மதிப்பு நமக்குத் தெரியும். சொல் காகிதத்தில் வந்தால் போதாது, கையில் காசாக வர வேண்டும் என்பதும் நமக்குத் தெரியும்.

நீண்ட பருவமும் ஒப்பந்தமும் என்ன பலன் தரும்? 2025 ஜூலையில் தாய்லாந்தின் சியாங் மாய் நகரில், தாய்லாந்து அணியை அதன் சொந்த மண்ணிலேயே இரண்டுக்கு ஒன்று என்று நம் நாட்டுப் பெண்கள் வென்றார்கள். தகுதிச் சுற்றில் ஆடி ஆசியக் கோப்பைக்குள் இந்தியப் பெண்கள் நுழைந்தது அதுவே முதல் தடவை. இரண்டு கோலையும் அடித்தவர் வங்கத்தைச் சேர்ந்த சங்கீதா பாஸ்போர். இதற்கு லீக் ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டோம். ஆனால் ஆடக் களம் இருந்தால் கால் தேறும் என்பதை எவரும் மறுக்க முடியாது.

தாய்மார்களே, உங்களிடம் ஒரு வார்த்தை. "பெண் பிள்ளை அரைக்கால் சட்டை போட்டு ஓடினால் ஊரில் என்ன சொல்வார்கள்? நாளைக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டாமா?" என்று கேட்கிறீர்கள். உங்கள் பயம் எங்களுக்குப் புரியும். பொழுது சாய்ந்து தனியே வரும் பெண்ணை நினைத்துப் பதறுவது தாயின் மனம். அந்தப் பயத்துக்கு மருந்து, பெண்ணை வீட்டில் பூட்டுவது ஆகாது. துணைக்கு ஆள் அனுப்புவோம். மைதானத்துக்கு விளக்குக் கேட்போம். பயிற்சியாளர் யார், எப்படிப்பட்டவர் என்று விசாரித்துச் சேர்ப்போம். பந்து ஆடினால் எல்லாப் பெண்ணுக்கும் உத்தியோகம் கிடைத்துவிடும் என்று ஆசை காட்ட மாட்டோம். படிப்பை விட்டுவிட்டு ஓடச் சொல்லவும் மாட்டோம். படிப்போடு ஆட்டமும் இருக்கட்டும் என்கிறோம்.

முடிவாக, சங்கத்தின் கோரிக்கைகள் மூன்று. தாராவியிலும் கோலிவாடாவிலும் நம் பிள்ளைகள் படிக்கும் மாநகராட்சிப் பள்ளிகளின் பெண்களுக்கு வாரத்தில் குறித்த நாள்களில் மைதானத்தை ஒதுக்க வேண்டும். வெளி மாநிலத்திலிருந்து வந்த குடும்பத்துப் பெண் என்பதற்காக, மாவட்ட, மாநில அணித் தேர்வில் எவரையும் தள்ளி நிறுத்தக் கூடாது. அறிவித்த குறைந்தபட்ச ஊதியம் ஒவ்வொரு வீராங்கனையின் கைக்கும் போய்ச் சேர்கிறதா என்று கணக்குக் காட்ட வேண்டும். இம்மூன்றையும் மனுவாக எழுதியிருக்கிறோம். வாசலில் மேசை மீது இருக்கிறது. கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள் போடுங்கள். தெரியாத தாய்மார்கள் கைநாட்டு வையுங்கள். உங்கள் பெண்ணின் பெயரையும் வயதையும் பக்கத்திலே எழுதச் சொல்லுங்கள். எத்தனை பெண்கள் காத்திருக்கிறார்கள் என்பது மாநகராட்சிக்குத் தெரியட்டும்.