எதிர்வீட்டு பான்டியாக்

(நம் குடியிருப்பின் மூத்தோர் மாலைக் கூட்டத்தில் பேசியது. செய்திமடலுக்காக எழுதிக் கொடுத்தது.)

மகள் வீட்டில் ஐந்து மாதம் இருந்துவிட்டு வந்தீர்களே, அமெரிக்கா பற்றிப் பத்து நிமிடம் பேசுங்கள் என்று செயலாளர் சொன்னார். நயாகரா பற்றி இதே ஹாலில் மூன்று பேர் பேசியாகிவிட்டது. நான் ஒரு பழைய காரைப் பற்றிப் பேசுகிறேன்.

மகள் இருப்பது மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் பக்கம் டிராய் என்ற ஊரில். எதிர்வீட்டில் ஒரு பெரியவர். வயது 76. மனைவி தவறி நான்கு வருடம் ஆகிறது. போன வருடம் ஜூனில் ஒருநாள் நான் வாக்கிங் முடித்து வரும்போது அவர் வீட்டு கராஜ் திறந்திருந்தது. போர்வைக்கடியில் நீளமாக ஒரு வண்டி. நான் நின்று பார்த்ததும் அவரே போர்வையை விலக்கிக் காட்டினார். 1966-ம் வருடத்து பான்டியாக் ஜி.டி.ஓ., கன்வர்ட்டிபிள். அதாவது துணிக்கூரை மடங்கிப் பின்சீட்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும் வண்டி. வெளிறிய நீலம். கம்பெனி அதற்கு வைத்த பெயர் பேரியர் புளூ. பான்டியாக் ஆலையில் வேலை பார்த்த அவர் அப்பா புதிதாக வாங்கியதாம்.

இந்த ரக வண்டிகளை மசில் கார் என்கிறார்கள். நடுத்தர அளவு காரில் பெரிய காரின் என்ஜினைத் தூக்கி வைப்பதுதான் விஷயம். இதில் 389 கன அங்குல என்ஜின். நம் மாருதி 800-ன் என்ஜின் 796 சி.சி. எட்டு மாருதியைச் சேர்த்தால் இது ஒன்று! இது பிறந்த கதை எங்களைப் போன்ற பேங்க் ஆட்களுக்குப் பிடிக்கும். நடுத்தர கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் என்ஜின் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் தலைமை அலுவலகத்தின் உத்தரவு இருந்தது. பான்டியாக் பிரிவில் ஜான் டெலோரியனும் அவர் ஆட்களும் சர்க்குலரில் ஓட்டை கண்டுபிடித்தார்கள். தனி மாடலாகப் போட்டால்தானே மேலிடம் கேட்கும்? 1964-ல் டெம்பெஸ்ட் லெமான்ஸ் காருக்குக் கூடுதல் சாமான் தொகுப்பு என்று காட்டி, சுமார் 296 டாலருக்கு விற்றார்கள். முதல் வருடம் 5,000 போகும் என்று நினைத்தார்கள், 32,450 போனது. அதன்பிறகு மேலிடம் வாயைத் திறக்கவில்லை. 1966-ல் தனி மாடலே ஆகிவிட்டது. அந்த வருடம் விற்றது 96,946, அதில் கன்வர்ட்டிபிள் 12,798. 2010-ல் பான்டியாக் என்ற பெயரையே இழுத்து மூடிவிட்டார்கள்.

பெரியவர் கையில் ஒரு எஸ்டிமேட் இருந்தது. நான் பேங்க்காரன் என்று மகள் சொல்லியிருக்கிறாள். "நீங்கள் கணக்குத் தெரிந்தவர், பாருங்கள்" என்று நீட்டினார். வண்டியை முழுக்கப் பிரித்து, பாடியை அடிச்சட்டத்திலிருந்து தூக்கி, துரு நீக்கி, டிங்கரிங், பெயின்ட், குரோம், சீட், கூரை எல்லாம் புதிதாக்க 90,000 டாலர். நம் பணத்தில் முக்கால் கோடி. காலம் இரண்டரை வருடம். அதே மாடலை யாரோ ஏற்கெனவே செய்து முடித்து விற்பதை வாங்கினால் அதைவிடக் குறைவாகவே ஆகும். இருக்கிறபடியே கொடுத்தால் 28,000 தருவதாக ஒருவர் சொல்லியிருக்கிறார்.

எனக்குக் கணக்கு இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. "விற்றுவிடுங்கள்" என்றேன். அவர் தாளை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு காபி குடிக்கிறீர்களா என்று கேட்டார். வீட்டுக்கு வந்து சொன்னதும் என் மனைவி, "லோன் அப்ளிகேஷனா கொடுத்தார் உங்களிடம்?" என்றாள்.

மறுநாள் போய், அப்படிச் சொன்னது தவறு, வண்டியை ஒழுங்காகப் பார்க்கலாமா என்று கேட்டேன். பிறகு இருவரும் பல காலைகள் அதிலேயே கிடந்தோம். பார்க்கப் பார்க்கத்தான் விஷயம் புரிந்தது.

முதலில் பத்திரம். இந்த வண்டிகளில் போலி அதிகம். சாதாரண லெமான்ஸை வாங்கி ஜி.டி.ஓ. எழுத்தை ஒட்டிவிடுவார்கள். 1966 வண்டியில் கண்டுபிடிப்பது சுலபம்: வண்டி நம்பர் 242 என்று தொடங்கவேண்டும், கன்வர்ட்டிபிள் என்றால் அடுத்து 67. இது சரியாக இருந்தது. கம்பெனியின் பழைய பில் நகலும் கிடைக்கிறது. அதிலிருந்த என்ஜின் எண்ணும் வண்டியில் இருந்ததும் ஒன்றே. எனக்கு அடகு நகை டேக் சரிபார்த்த திருப்தி.

அடுத்து துரு. அந்த ஊரில் பனிக்காலத்தில் ரோடெல்லாம் உப்புக் கொட்டுகிறார்கள். டெட்ராய்ட் நகரத்துக்கு அடியிலேயே உப்புச் சுரங்கம் இருக்கிறது. கன்வர்ட்டிபிளுக்கு இரட்டைக் கஷ்டம்: கீழிருந்து உப்பு, மேலிருந்து கூரை ஒழுகி கார்ப்பெட்டில் ஈரம். பெரியவர் ஸ்குரூடிரைவரைக் கொடுத்துக் குத்திப் பார்க்கச் சொன்னார். டிரைவர் காலடித் தகட்டில் பிஸ்கட்டில் குத்தியது போல உள்ளே போய்விட்டது. அடிச்சட்டத்தில் குத்தினேன், டங்கென்றது. அதுதான் பெரிய நிம்மதி. கூரை இல்லாத வண்டிக்குப் பலமே அடிப்பாகம்தான். அடித்தகட்டை வெட்டும் முன் கதவு வாசலில் குறுக்குக் கம்பி வைத்துப் பற்றவைக்கவேண்டும், இல்லாவிட்டால் பாடி நடுவில் தொய்ந்துவிடும், பிறகு எந்த ஜென்மத்திலும் கதவு சரியாக மூடாது. மூடிய காரைவிட இதற்குக் கூலி அதிகமாவது இதனால்தான்.

என்னைத் தடுமாற வைத்தது வேறொன்று. என்ஜினுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவே இருக்கும் தகட்டில் மஞ்சள் கிரேயானில் ஒரு கிறுக்கல். அசெம்பிளி லைனில் எந்தச் சாமான் எந்த வண்டிக்கு என்று தொழிலாளிகள் போடும் அடையாளமாம். "அப்பா போட்டது இல்லை, அவர் வேறு பிரிவு. ஆனால் மதியம் கூட உட்கார்ந்து சாப்பிட்ட யாரோ ஒருவர்" என்றார். எஸ்டிமேட்டில் தேடிப் பார்த்தேன். பழைய பெயின்டை முழுக்கச் சுரண்டுவது ஒரு வரி. கடைசிப் பக்கத்தில், ஆலை அடையாளங்களைத் திரும்ப வரைவது இன்னொரு வரி. அழிப்பதற்கும் காசு, அழித்ததைப் பார்த்து எழுதுவதற்கும் காசு!

அப்படியே விட்டுவிடலாமா என்றால் அதுவும் முடியாது. வண்டி ஒன்பது வருடமாக ஓடவில்லை. பெட்ரோல் டாங்கு துரு, ரப்பர் குழாய்களெல்லாம் வெடிப்பு. நான்கு சக்கரமும் டிரம் பிரேக். அதைவிட மோசம், 1966 வரை பிரேக் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றை அறைதான். ஒரு குழாய் விட்டால் நான்கு பிரேக்கும் போச்சு. அடுத்த வருடத்திலிருந்துதான் இரட்டை அறை வந்தது. 335 குதிரைசக்தியை இதை நம்பி 76 வயதுக்காரர் ஓட்டவேண்டும்.

ஆகஸ்டில் மூன்றாவது சனிக்கிழமை அங்கே வுட்வர்ட் அவென்யூவில் ஒரு திருவிழா, டிரீம் குரூஸ் என்று பெயர். 1995-ல் தொடங்கியது. ஃபெர்ன்டேலிலிருந்து பான்டியாக் நகரம் வரை பழைய கார்களாக ஊர்ந்து போகும். நம் ஊர்த் தேரோட்டம் மாதிரி ஓரத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பார்கள். நாங்களும் போனோம். கண்ணாடி போல மின்னும் வண்டிகள் வரிசையாகப் போயின. பெரியவர் அதிகம் பேசவில்லை. பெயின்ட் உதிர்ந்த ஒரு செவெல் கன்வர்ட்டிபிள் வந்தது. ஓட்டி வந்தவருக்கு இவரைவிட வயது இருக்கும், பின்சீட்டில் பேரப்பிள்ளைகள். இவர் எழுந்து நின்றுவிட்டார். திரும்பும் வழியில் என்னிடம் கேட்டார்: "இரண்டரை வருடம் போனால் எனக்கு எத்தனை வயது?"

எஸ்டிமேட்டில் இருந்த வரிதான் அது. அவ்வளவு நாளும் பணத்தைக் கூட்டிக்கொண்டிருந்த நான் அதை அவர் வயதோடு சேர்த்துக் கூட்டிப் பார்க்கவே இல்லை.

அன்று இரவு மூன்று பத்தி போட்டு எழுதினோம்: உயிருக்கு அவசியம், வண்டி கெடாமலிருக்க அவசியம், அழகுக்கு மட்டும். மூன்றாவது பத்தியை முழுக்க அடித்தார். மிச்சம் 14,000 டாலர். இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டர், முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக், டாங்கு, குழாய்கள், டயர், காலடித் தகடு, புதுக் கூரைத்துணி. கழற்றிய பழைய சாமானைச் சீட்டு ஒட்டிப் பெட்டியில் வைக்கவேண்டும், பின்னால் வருபவர் மாட்டிக்கொள்ளட்டும் என்றார். பெயின்டையும் கிரேயானையும் யாரும் தொடக்கூடாது. தோள்பட்டை பெல்ட்டும் போடுங்கள் என்றேன்; இடுப்பு பெல்ட் போதும் என்றுவிட்டார். அதில் எனக்கு இன்றும் உடன்பாடில்லை.

சேர்த்து வைத்த பணத்தில் 14,000 என்பதும் லேசில்லை. வண்டியின் விலை அந்த அளவு ஏறாது என்பதையும் எழுதிக் காட்டினேன். தெரியும் என்று கையெழுத்துப் போடுவது போலத் தலையாட்டினார்.

குளிர்காலத்தில் வேலை முடிந்தது. அங்கே பழைய வண்டிக்கான நம்பர் பிளேட்டில் ஷோ, ஊர்வலம் என்றுதான் ஓட்டலாம். ஆகஸ்ட் மாதம் மட்டும் விருப்பம்போல் ஓட்டலாம். இந்த ஆகஸ்டில் தினமும் பகல் வெளிச்சத்தில் எடுத்தாராம், இரவில் கண் சரியில்லை. என் பேத்தியை ஐஸ்கிரீம் கடைக்குக் கூட்டிப் போயிருக்கிறார். போன வாரம் வீடியோ காலில் வந்தார். கூரை பாதி மடங்கி நின்றுவிட்டதாம், ஹைட்ராலிக் சிலிண்டர் ஒழுகுகிறது. எவ்வளவு ஆகும் என்று கேட்டேன், சொன்னார். இரண்டாவது பத்தியில் எழுதிக்கொண்டேன்.

காபி வந்துவிட்டது போலிருக்கிறது. கேள்வி இருந்தால் கேளுங்கள். பார்க்கிங் பற்றிய கேள்விகள் மட்டும் செயலாளரிடம்.