கூடிய நொடி, நீங்கிய வரி

ஜவ்வாது மலையில் காவலூர் இருக்கிறது. இன்று வானியலாளர் வைணு பாப்புவின் பெயரைத் தாங்கி நிற்கும் வானாய்வகம் அங்கேதான். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்கவிருந்ததை அங்குள்ள 1 மீட்டர் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோள் நெருங்கும் முன்பே விண்மீனின் ஒளி சில நொடிகள் மங்கி மீண்டது. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்பதற்குக் கிடைத்த சான்றுகளில் அந்த மங்கலும் ஒன்று. எந்த நொடியில் மங்கியது என்று குறித்துவைத்ததால்தான் அதற்கு மதிப்பு.

இப்போது நொடிக்கணக்கைக் கணினிகள் பார்த்துக்கொள்கின்றன. கணினியின் கடிகாரத்தை நடத்துவது, இயங்குதளத்தின் மையமான கெர்னல். லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் கெர்னலுக்கு யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம், பேட்ச் என்பார்கள். மற்றவர்கள் வரிவரியாகப் படித்து ஒப்புக்கொண்டால்தான் அது சேரும்.

பூமியின் சுழற்சி சீராக இல்லாததால், 1972 முதல் அவ்வப்போது உலக நேரத்தில் ஒரு லீப் நொடியைக் கூட்டிவந்தார்கள். 2012 ஜூலை 1 அன்று, நமக்குக் காலை ஐந்தரை மணி ஆகும் தறுவாயில், அப்படி ஒன்று கூடியது. லினக்ஸ் கெர்னல் தன் கடிகாரத்தை ஒரு நொடி பின்னுக்கு வைத்தது. உள்ளே இருக்கும் டைமர்களுக்கு மட்டும் அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. அவை ஒரு நொடி முந்தி ஓடின. அரை நொடி தூங்கி எழச் சொன்ன நிரல் தூங்காமலே எழுந்தது, மறுபடி படுத்தது, மறுபடி எழுந்தது. பிராசசர் முழுவதையும் அதுவே தின்றது. ரெட்டிட், மொசில்லா போன்ற இணைய நிறுவனங்களின் சர்வர்கள் திணறின.

செய்தி ஏன் போகவில்லை? அதைச் சொல்லும் வரியை 2007-இல் ஒரு பேட்ச் நீக்கியிருந்தது. காரணம் நியாயமானதுதான்: அந்த வரி இன்டரப்ட்டுக்கு நடுவே, அதாவது பிராசசர் செய்துகொண்டிருந்த வேலையை இடைமறித்து ஓடும் நேரத்தில், ஓடியது, அங்கிருந்து எல்லாப் பிராசசர்களையும் கூப்பிட்டால் கணினியே உறைந்துபோகலாம். பேட்சைப் படிப்பவர் நின்று யோசிக்க வேண்டிய இடம் இதுதான் என்பேன். நீக்கிய வரியால் என்ன தொல்லை என்று கேட்டால் மட்டும் போதாது. அது செய்துவந்த வேலையை இனி யார் செய்வார்கள் என்றும் கேட்டாக வேண்டும். 2012 ஜூலையில் கெர்னல் நிரலாளர் ஜான் ஸ்டல்ட்ஸ் அனுப்பிய திருத்தம் இரண்டுக்கும் வழி செய்தது: டைமர்களுக்குச் செய்தி போகும், ஆனால் இன்டரப்ட் முடிந்த பிறகு.

2016 கடைசிக்குப் பின் லீப் நொடி வரவில்லை. ஆனால் ஸ்டல்ட்ஸ் எழுதிய சோதனை நிரல் ஒன்று கெர்னலோடு வருகிறது. லீப் நொடியை அது நாள்தோறும் வரவழைக்கும். கணினி படிக்கும் பிள்ளைகள் அதை ஓட்டிப் பார்க்கலாம். கடிகாரத்தையே மாற்றிவிடும், அதனால் வேறு வேலை இல்லாத கணினியாக எடுத்துக்கொள்ளுங்கள்.