எருக்கைப் பிடுங்காதீர்கள்!

(காஞ்சிபுரத்தில் மாணவர்களும் வணிகர்களும் கூடிய அமர்வில் ஆற்றிய உரை)

 

இந்த ஊரில் அடுப்பு எரிவது யாரால்? முதலாளியால் என்பீர்கள், தறிக்காரரால் என்பீர்கள். அவர்களுக்கும் முன்னால் ஒரு புழு இருக்கிறதே, அதை மறந்துவிட்டோமே! கர்நாடகத்திலிருந்து நமக்கு வரும் பட்டு நூலெல்லாம் அந்தப் புழு மல்பெரி இலையைத் தின்று நூற்றதுதான். கண்ட இலையையும் போட்டு அதை வளர்த்துவிட முடியாது.

வண்ணத்துப்பூச்சியின் கதையும் இதுதான் சகோதரர்களே! தேன் குடிக்கப் பல பூக்களுக்கும் வரும். முட்டையிட மட்டும் தன் புழு தின்னும் செடியைத் தேடித்தான் போகும். எருக்கில் ஒன்று, கறிவேப்பிலையில் ஒன்று, ஆவாரையில் ஒன்று, ஆடுதின்னாப்பாளையில் இன்னொன்று. நம் பூங்காக்களில் எதை வைத்திருக்கிறோம்? புல்தரை, கத்தரித்த வேலிச் செடி, குரோட்டன்ஸ்! எருக்கு முளைத்தால் களை என்று பிடுங்குகிறோம். இலையில் ஓட்டை விழுந்தால் மருந்தடிக்கிறோம். பிறகு, பட்டாம்பூச்சியைக் காணோமே என்று அங்கலாய்க்கிறோம்!

நானும் அதைச் செய்தவன்தான். மதரஸாவில் ஓதிய காலத்தில், கிணற்றடிக் கறிவேப்பிலையில் இருக்கும் பச்சைப் புழுக்களைப் பொறுக்கி எறிவது எங்கள் வேலை. எறிந்துவிட்டு, கை கழுவி, உள்ளே போய் 'நஹ்ல்' என்று தேனீயின் பெயராலேயே அமைந்த 16-ஆம் அத்தியாயத்தை ஓதுவோம்! அந்தப் புழுதான் நாளை கறுப்புச் சிறகோடு பறக்கும் என்று எங்களுக்கு எவரும் சொல்லவில்லை.

பூங்காவில் இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்கள் சென்னையைப் பாருங்கள். அடையாற்றுக் கழிமுகத்தையொட்டி, இடிபாடும் குப்பையும் கொட்டிக் கிடந்த 58 ஏக்கரைச் சீர்செய்து, இந்த மண்ணுக்குரிய மரஞ்செடிகளை நட்டு, 2011-ல் தொல்காப்பியப் பூங்காவைத் திறந்தார்கள். பள்ளி மாணவர்களை வரவழைத்து இயற்கைப் பாடம் நடத்தினார்கள். திருவரங்கத்துக்கு அருகே 2015-ல் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா வந்தது. உத்தராகண்டின் ஹல்த்வானியில் மகரந்தம் சுமக்கும் உயிர்களுக்கென்றே 4 ஏக்கரில் 2020-ல் ஒரு பூங்கா அமைத்தார்கள். 2019-ல் 'தமிழ் மறவன்' நம் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்டது.

மாணவர்களுக்கும் வழியில்லாமல் இல்லை. 2001-ல் தொடங்கிய தேசியப் பசுமைப் படை பள்ளிகளில் உண்டு. ஆனால் ஒரு பள்ளியில் நான் கண்டதைச் சொல்கிறேன். ஜூன் 5-ஆம் தேதி கன்று நட்டார்கள், படம் எடுத்தார்கள். மறு ஆண்டு அதே குழியில் வேறு கன்று! நடுவதற்கு நாற்பது கை வருகிறது. ஏப்ரலில் தண்ணீர் ஊற்ற நாலு கை வருவதில்லை.

காய்கறி வியாபாரிகளே, இது உங்கள் கல்லாப்பெட்டிக் கணக்கும்தான். முருங்கைப் பூ காயாவதில் கருவண்டுக்குப் பெரும் பங்குண்டு. கத்தரிப் பூவின் மகரந்தத்தை உதிர்க்க, பூவைப் பற்றிக்கொண்டு ரீங்காரமிட்டு அதிரச் செய்யவேண்டும். நம் தேனீக்கு அந்த வித்தை தெரியாது, கருவண்டுக்குத் தெரியும். அது குடியிருப்பதோ காய்ந்த மரத்தைத் துளைத்து! அந்தக் காய்ந்த கிளையையும் நாம் அசிங்கம் என்று வெட்டி அப்புறப்படுத்துகிறோம்.

எனவே என் கோரிக்கை இதுதான். 2021-ல் மாநகராட்சியான நம் ஊரில், ஏதேனும் ஒரு பூங்காவின் ஒரு மூலையை முறைப்படி அனுமதி கேட்டு வாங்குவோம். ஐப்பசி மழைக்கு முன் எருக்கு, ஆவாரை, கறிவேப்பிலை, துளசி, தும்பை நடுவோம். காய்ந்த கட்டை இரண்டை அங்கேயே போட்டுவைப்போம். ஞாயிற்றுக்கிழமை ஜவுளிக்கடைகளுக்கு வியாபார நாள் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஃபஜ்ர் தொழுகை முடிந்து எட்டு மணிவரை உங்கள் கடைப் பையன்களை விடுங்கள். கடை திறக்கும் நேரத்துக்கு வந்துவிடுவார்கள். மாணவர்கள் தேர்வுக் காலத்தில் முறைவைத்து வரட்டும். கோடை மூன்று மாதம் எவரும் விடுப்புக் கேட்கக் கூடாது!

ஒரு தண்ணீர்த் தொட்டியும் நாலு மண்வெட்டியும் கடைக்காரர்கள் தரவேண்டும். 'இலையில் ஓட்டை இருக்கும். மருந்தடிக்க வேண்டாம்' என்று ஒரு பலகை எழுதி வைக்கவேண்டும். அதற்கான பெயிண்ட் செலவு என்னுடையது.